பூவுக்கு சென்ட் அடித்தவள்

பாப்பா,

போன வாரம் நீ பெங்களூரிலிருந்து போன் செய்து, "கல்யாண மாலைக்கு நான் இங்கயே ஆன்லைன்ல சொல்லிட்டேன்மா, அப்பாவை மாலை கட்ட வேணாம்னு சொல்லிடு" என்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீயே, "எனக்கு சம்பங்கி வாசனையே ஆகாது, உனக்குத் தெரியுமில்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். தெரியும். ஏன் ஆகாது என்பது அன்றைக்கு வரைக்கும் இந்த உலகத்தில் நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். ராயபுரத்தில் முப்பது வருஷமாக ஊரார் கழுத்துக்கெல்லாம் மாலை கட்டிக்கொண்டிருக்கிற மனுஷனிடம், தன் ஒரே மகள் கழுத்தில் தன் மாலை விழப்போவதில்லை என்று நான்தான் போய்ச் சொன்னேன். உன் அப்பா கோபப்படவில்லை. "அவ இஷ்டம், வுடு" என்றார். அப்புறம், ஏற்கெனவே சிக்கில்லாமல் இருந்த நூல்கண்டை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. போனில் பேசினால் பாதியில் வாயடைத்துப் போகிறவள் நான் என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதை நான் என் வாயால் உனக்குச் சொன்னதே இல்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தால் நீ பிறப்பதற்கு முன்னால் போக வேண்டியிருக்கிறது. நான் பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி முடித்த வருஷம், காசிமேட்டில் எங்கள் தெருவில் டிகிரி வாங்கியவள் நான் ஒருத்திதான். படகிலிருந்து இறங்கி வந்த எங்க அப்பா அந்தச் சான்றிதழைத் தொடுவதற்கு முன்னால் கையை மூன்று முறை கழுவினார். கழுவிய கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "வோணாம், நீயே வச்சிக்கோ, மீன் வாடை ஏறிடும்" என்று சொல்லிவிட்டு எட்ட நின்றே பார்த்தார். எனக்குக் கல்லூரி முழுக்க அதே பயம்தான் இருந்தது. பக்கத்தில் யாராவது மூக்கைச் சுளித்தால் என்னால்தானோ என்று நினைத்துக்கொள்வேன். அதனால் எதிலும் கடைசி பெஞ்சு, எதற்கும் பதில் சொல்லாமல் இருப்பது என்று பழகிவிட்டது. வாயைத் திறக்காமல் இருப்பது நல்ல குணம் என்று மற்றவர்களும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில், ஊதுபத்திக்கும் சோப்புக்கும் வாசனைக் கூட்டு செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் இன்டர்வியூவுக்குப் போனேன். நாங்கள் ஆறு பேர். ஒரு நீளக் காகிதத் துண்டின் முனையை ஒரு பாட்டிலில் நனைத்து, ஆளுக்கு ஒன்று கொடுத்து, "என்ன தோணுதோ சொல்லுங்க" என்றார்கள். ஒருவர் பாச்சை உருண்டை என்றார். ஒருவர் சாக்கடை என்றார். ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் முறை வந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. மேஜை மேல் கிடந்த பென்சிலை எடுத்து அந்தக் காகிதத்திலேயே எழுதிக் கொடுத்தேன்: நேற்றைய சம்பங்கி மாலை. அந்த மூன்று வார்த்தைக்குத்தான் எனக்கு வேலை கிடைத்தது. அந்தப் பாட்டிலில் இருந்தது இண்டோல். சம்பங்கியின் வாசனைக்குள் அது துளியூண்டு ஒளிந்திருக்கிறது. தனியாக முகர்ந்தால் வாட ஆரம்பித்த எதுவோ போல இருக்கும். மீன் எத்தனை நாள் பழையது என்று செவுளைத் திறந்து முகர்ந்தே சொல்கிற வீட்டில் வளர்ந்தவளுக்கு, ஒரு பூ எத்தனை நாள் பழையது என்று சொல்வது கஷ்டமாக இல்லை. ஆனால் அதை அங்கே யாரிடமும் நான் சொல்லிக்கொள்ளவில்லை.

சம்பங்கியை எங்கள் லேபில் எப்படிச் செய்வோம் என்று நீ சின்ன வயதில் கேட்டுக்கொண்டே இருப்பாய். நிஜப் பூவிலிருந்து எடுக்கிற சாரம் சத்தியமங்கலம் பக்கமிருந்து வரும். பூவைக் கரைப்பானில் ஊறவைத்து, அதை வடித்து, முதலில் மெழுகு மாதிரி ஒன்று எடுப்பார்கள். அந்த மெழுகையும் பிரித்தால் தேன் நிறத்தில் கெட்டியாக மிஞ்சுவதுதான் சாரம். மூட்டை மூட்டையாகப் பூவைப் போட்டால் உள்ளங்கையளவு கிடைக்கும். ஊதுபத்திக்கு அதைப் போட்டால் கட்டுப்படியாகாது. அதனால் பூவை நாங்களே பாட்டில் பாட்டிலாகக் கட்டி எழுப்புவோம். ஒன்று முழங்கால் வலிக்குத் தேய்க்கிற தைலம் மாதிரி இருக்கும். ஒன்று திராட்சை மிட்டாய். ஒன்று கொதிக்காத தேங்காய்ப்பால். ஒவ்வொன்றையும் தனியாக முகர்ந்தால் பூவின் ஞாபகமே வராது. அளவு சரியாக அமைந்து, கடைசியில் அந்த இண்டோலைத் துளி விட்டதும், அறைக்குள் யாரோ மாலையோடு நடந்து வந்தது போல இருக்கும். அந்தத் துளி வாடிய வாடை இல்லாவிட்டால் அது பிளாஸ்டிக் பூ. அந்த ஒரு நொடிக்காகவே நான் அந்த வேலையில் இத்தனை வருஷம் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

உன் அப்பாவைப் பார்த்ததும் அந்த வேலையால்தான். ராயபுரம் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் அவர் கடை. தினம் காலையில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் எல்லோரும் ஒரு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு போவார்கள், நான் மட்டும் வாங்க மாட்டேன். லேபுக்குப் பூ, பவுடர், தலைக்கு வாசனை எண்ணெய், எதுவும் வைத்துக்கொண்டு போகக்கூடாது என்பது விதி. அவருக்கு அது எப்படித் தெரியும்? ஒருநாள், "இன்னாமே, ஊர்ல அல்லாருக்கும் எம் பூவு வோணும், உனுக்கு மட்டும் ஆவாதா? பூவு மேல இன்னா கோவம்?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "நான் பூ செய்ற கம்பெனில வேலை பாக்கறேன், வச்சிக்கக்கூடாது" என்றேன். அவ்வளவுதான். அவர் பக்கத்து டீக்கடைக்காரரைப் பார்த்து, "தோ பார்றா, பூவு செய்றாங்களாம்! செடிக்கு இன்னா வேலை இனிமே?" என்றார். பஸ் வரும்வரை அந்த இடமே சிரித்தது. அடுத்த நாள் முதல் என் பெயர் பி.எஸ்.சி. "இன்னா பி.எஸ்.சி., இன்னிக்கு எத்தினி பூவு செஞ்சே?" அவர் கேட்காத நாளில் எனக்கு ஏதோ குறைந்தது போல இருந்தது. ஒரு வாரம் கழித்து, பழைய காகிதத் துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்து அவரிடம் நீட்டினேன். முகர்ந்தார். சிரிக்கவில்லை. "நம்ம பூவுதான். ஆனா தண்ணி தெளிக்கலியே" என்றார். அந்தக் கூட்டில் ஈரப்பச்சை குறைகிறது என்று எங்கள் லேபில் இரண்டு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் மூன்று மாதம் சண்டை நடந்தது. டிகிரி படித்தவள் பூக்காரரையா என்று கேட்டார்கள். எதற்கும் வாய் திறக்காத நான் அதற்கு மட்டும் திறந்தேன். வேண்டியதை நான் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒரு தடவைதான் என்று இப்போது தோன்றுகிறது.

உன் சின்ன வயது முழுக்க அந்தக் கடைதான். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே வருவாய். ஈரச்சாக்கு போட்ட கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும், நீ அதன் மேல் இருக்கிற எழுத்துகளைப் படிப்பாய். காற்று எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து அடித்தால் பூ மேல் மெல்லியதாகச் சாம்பல் படியும், அதை நீ ஊதி ஊதித் தள்ளுவாய். நான் வேலை முடிந்து வருவேன். நீ என் கையை முகர்ந்து இன்றைக்கு என்ன செய்தேன் என்று சொல்வாய். ரோஜா, சந்தனம், தாழம்பூ. சம்பங்கி என்றால் மட்டும் உடனே அப்பாவிடம் ஓடிப் போய், "இன்னிக்கு அம்மாவும் நீயும் ஒரே வாசனை" என்பாய். எனக்கு அந்த நாட்கள் போதும் என்றிருந்தது. போதும் என்று விட்டிருக்கலாம்.

நீ இரண்டாவது படித்த வருஷம், எங்கள் கம்பெனிக்கு ஒரு பெரிய ஊதுபத்திக்காரர் சம்பங்கி கேட்டார். இரண்டு வருஷம் அதில் உழைத்தேன். அளவை மாற்றி மாற்றி எழுதிய நோட்டுகள் இன்னும் பரணில் இருக்கின்றன. கடைசியில் அது அமைந்தது. என் சீனியர் அதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார், அவர்கள் ஒத்துக்கொண்டார்கள், லேபில் எல்லோருக்கும் மைசூர்பாக் கொடுத்தார்கள். யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் பங்கு மைசூர்பாக்கைத் தின்றுவிட்டு பஸ் ஏறினேன். ஆனால் மனசு அடங்கவில்லை. மிச்சமிருந்த சாம்பிளைக் கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைத்து, ஒரு சின்ன ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக்கொண்டேன். எங்கள் வழக்கப்படி அதன் மேல் சீட்டும் ஒட்டினேன். என் கையெழுத்துதான்: ஊதுபத்திக்கு மட்டும், வெள்ளைப் பொருளுக்கு ஆகாது. சம்பங்கிக் கூட்டில் போடுகிற சில சரக்குகள் வெனிலாவோடு சேர்ந்து காற்றும் வெளிச்சமும் பட்டால் நிறம் மாறும். கருப்பு ஊதுபத்தியில் அது தெரியாது. வெள்ளை சோப்பில் போட்டால் நாலு நாளில் டீ நிறம் ஆகிவிடும். அதுவும் அந்தக் கூட்டில் நான் எல்லாவற்றையும் தூக்கலாகப் போட்டிருந்தேன். இதெல்லாம் தெரியாத ஆள் செய்த தப்பு இல்லை, பாப்பா. சீட்டு எழுதிய கையே செய்த தப்பு.

அன்றைக்கு ஆவணி முகூர்த்த நாள், ஞாயிற்றுக்கிழமை. காசிமேட்டு விசைப்படகு ஓனர் ஒருவர் வீட்டுக் கல்யாண வரவேற்புக்கு மாலை. சம்பங்கி தட்டுப்பாடாக இருந்ததால் ஐஸ் பெட்டியில் வந்த பூதான் கிடைத்தது. "பூவா இது? ஐஸுல வச்சே சாவடிச்சிக்கிறானுங்க. மூக்குக்குள்ள வுட்டா கூட வாசனை வரல" என்று உன் அப்பா புலம்பிக்கொண்டே கட்டினார். மத்தியானம் மூன்று மணி இருக்கும். இரண்டு மாலையும் முடிந்து தொங்கின. குஞ்சத்துக்கு ஜரிகை போதவில்லை என்று வண்ணாரப்பேட்டைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். கடையில் நீயும் நானும்தான். என் பையில் அந்த பாட்டில் இருந்தது. நான் மாலையைப் பார்த்தேன். வெள்ளையாக, அடர்த்தியாக, கொஞ்சமும் மணமில்லாமல் இருந்தது. அவருக்கு உதவி செய்ய நினைத்தேன் என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. ஊரே அவர் பூவைக் கொண்டாடுகிறது, என் பூவை யாருக்கும் தெரியாது. அது ஒரு தடவையாவது நிஜப் பூ மேல் உட்காரட்டும், மூக்குக்குப் பேர் போன அந்த மனுஷனுக்கே வித்தியாசம் தெரிகிறதா பார்க்கலாம் என்றுதான் அடித்தேன். மேலிருந்து கீழ்வரை, இரண்டு மாலைக்கும். நீ பென்சிலைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாய். "அம்மா, பூவுக்கே சென்ட் அடிக்கிற!" என்று சிரித்தாய். அப்போது வண்டிச் சத்தம் கேட்டது. நான் அந்த பாட்டிலை உன் கையில் திணித்து, "இத்த வச்சிக்கோ" என்றேன்.

உன் அப்பா உள்ளே வந்தவர் அப்படியே நின்றார். மாலைக்குக் கிட்டப் போனார். "ஆங்! பார்த்தியாமே? ஐஸு எறங்கினதும் பூவுக்கு மூச்சு வந்துடுச்சி! சத்தியமங்கலத்துப் பூவுன்னா சும்மாவா?" என்றார். பறித்த பிறகும் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிற பூ அது, அவர் நம்பியதில் தப்பில்லை. எனக்கு அந்த நொடியில் இருந்த சந்தோஷத்தை இப்போதும் மறைக்கத் தோன்றவில்லை. என் வேலையை முதல் தடவையாக ஒரு ஆள் பாராட்டினார், அதுவும் அவர். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. ராத்திரி சாப்பிடும்போது சொல்லிக்கொள்ளலாம், சிரித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவர் மாலையைக் கூடையில் வைத்து, ஈரத்துணி மூடி, கல்யாண மண்டபத்துக்குக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆறரை மணிக்கு அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா, கூட நாலு பேர். மாலையைத் தூக்கிக் கடைப்பலகை மேல் போட்டார். ஸ்பிரிட் பட்ட இதழெல்லாம் சுருண்டிருந்தது. வெள்ளையெல்லாம் பழுப்பு. மண்டபத்து விளக்குச் சூட்டில் வாசனை கனத்துப் போய், நான் இன்டர்வியூவில் முகர்ந்த அதே வாடை வந்தது.

"யோவ் பூக்கார்ரே, இன்னாயா இது? சாவு வூட்டு மாலைய கொண்டாந்து கல்யாணத்துக்குக் குடுத்துகிறே?"

"இன்னா நைனா பேசறே? காத்தால வந்த பூவு. எம் பொண்ணு மேல சத்தியம்!"

"பொண்ணு மேல சத்தியம் வேறயா? மோந்து பாரு! மாப்ள பட்டுச் சட்டை பூரா டீ ஊத்தின மாறி கீது. பொம்பளைங்க அல்லாரும் மூக்க மூடிகினு நிக்கறாங்க. பொணத்து மேல கெடந்ததா இது?"

டீக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். மாலை கட்டுகிறவரைக் கெட்ட வார்த்தையால் திட்டினால்கூடத் துடைத்துப் போட்டுவிடுவார். சாவு வீட்டு மாலையைத் திருப்பி விற்றவன் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்தத் தெருவில் அவரிடம் ஒரு முழம் வாங்க ஆள் வராது. உன் அப்பா மாலையைத் தூக்கி முகர்ந்தார். அவர் முகம் மாறியது. "இது பூவு வாசனை இல்லியே" என்றார். கடைக்குள் திரும்பிப் பார்த்தார். நான் திருப்பி வாங்க மறந்த அந்த பாட்டிலை, சத்தம் கேட்டுப் பள்ளிப் பையிலிருந்து எடுத்து, நீ கையில் வைத்துக்கொண்டு நின்றாய்.

"பாப்பா, இன்னா அது கைல?"

நீ என்னைப் பார்த்தாய். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். அப்போது நான் சொன்னேன்: "கொழந்த. வெளையாட்டா அடிச்சிகீது போல. வுடுங்க."

இவ்வளவுதான் நான் சொன்னது. அந்த சித்தப்பாவின் ஓங்கிய கை கீழே இறங்கியது. "தோ பார்றா! இந்த வாண்டு வேலையா?" என்றார். யாரோ சிரித்தார்கள். "மாலைக்கே சென்ட் அடிச்சிகீதுடா!" என்று டீக்கடையில் ஒருவர் கத்தினார். சாவு வீட்டு மாலை என்ற பேச்சு அந்தச் சிரிப்பில் கரைந்து போனது. உன் அப்பா கடையில் இருந்த பூவையெல்லாம் போட்டு, ரோஜாவும் சாமந்தியும் கலந்து, விரல் தெரியாத வேகத்தில் புதுசாக இரண்டு மாலை கட்டி, தானே தூக்கிக்கொண்டு ஓடினார். கடை பிழைத்தது. நான் நல்லதுதான் செய்தேன் என்று எனக்கே தோன்றுகிற அளவுக்கு எல்லாம் சரியாகிவிட்டது.

உன் கையை அன்றைக்கு நான்தான் சோப்புப் போட்டுக் கழுவினேன். மூன்று முறை கழுவியும் வாசனை போகவில்லை. "அம்மா நாளைக்கு அப்பாகிட்ட சொல்லிடறேன்" என்றேன். நீ தலையாட்டினாய். மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது காதருகே வந்து, "சொல்ட்டியாம்மா?" என்று கேட்டாய். அதற்கடுத்த நாளும் கேட்டாய். ஒரு வாரம் கேட்டாய். அப்புறம் ஒருநாள் கேட்கவில்லை. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த மூச்சுக்காகத்தான் நான் இப்போது வெட்கப்படுகிறேன், பாட்டிலுக்காகக்கூட இல்லை.

உன் அப்பா உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும். அவர் அதைச் சிரிப்பாக்கினார். "பூவுக்கே சென்ட் அடிச்ச ஆளு எம் பொண்ணு!" என்று பள்ளிக்கூட டீச்சரிடம் சொன்னார், பக்கத்துக் கடையில் சொன்னார், சொந்தக்காரர்கள் வந்தால் சொன்னார். பாசத்தில்தான் சொன்னார். நீ கடைக்கு வருவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாய். என் கையை முகர்வதை விட்டாய். "பொண்ணு பெருசாயிடுச்சி, கடைல வந்து குந்துமா?" என்று அவர் சமாதானம் சொல்லிக்கொண்டார். போன மாதம் உன் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அதே கதையை எடுத்தார். உன் வருங்கால மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். நீயும் சிரித்தாய். புடவைத் தலைப்பு நுனியை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிக்கொண்டிருந்தாய். நான் எதிரில் ஜூஸ் தட்டோடு நின்றேன். பதினைந்து வருஷத்துக்கு அப்புறமும் வாயைத் திறக்கவில்லை.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடையில் வியாபாரம் இல்லாத நேரத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் யாருக்கோ பிறந்தநாள் மாலை கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அந்த போட்டுக்காரர் வூட்டு மாலைக்கு சென்ட் அடிச்சது பாப்பா இல்ல."

"பின்ன யாரு, பேயா?" கை நிற்கவில்லை.

"நானு."

கை நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். எதற்காக அடித்தேன் என்பதையும், பாட்டிலை உன் கையில் திணித்ததையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். "அவளுக்குத் தெரியுமா?"

"பார்த்துகினுதான் இருந்தா."

"அப்போ நானு ஒவ்வொரு தபாவும் அத்த சொல்லிச் சிரிக்கறப்போ, அவளும் தெரிஞ்சிகினே நின்னா, நீயும் தெரிஞ்சிகினே நின்னே. இன்னா மனுசிமே நீ? எங்கிட்ட சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பேன்? ரெண்டு கத்து கத்தியிருப்பேன். அவ்ளோதானே?"

அவ்வளவுதான் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். அந்த இரண்டு கத்தலுக்கு பயந்துதான் உன்னை முன்னால் நிறுத்தினேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூடத் தானே கழுவி வைத்தார். மூன்றாம் நாள் காலையில், "பெங்களூரு ரயிலு எத்தினி மணிக்கு?" என்று கேட்டார். "நீ கூட வராதே. நானு பேசணும்" என்றார்.

உன் மாமியாருக்கு நேற்று நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். பேசி முடிக்கும்போது என் ரவிக்கை முதுகெல்லாம் நனைந்துவிட்டது. அவர், "பரவால்ல, இப்பவாவது சொன்னீங்க" என்றார். அந்தக் குரலில் கொஞ்சம் மரியாதை குறைந்துதான் இருந்தது. அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான். இனி அந்தக் கதையைச் சொல்லி யாரும் உன்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

கல்யாணமாகிப் போகிற மகளுக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த யோக்கியதை குறைவு. ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் வீட்டில் யாராவது பேசாமல் இருந்தால் அதைப் பொறுமை என்று உடனே எடுத்துக்கொள்ளாதே. என்னுடையது பயம், உன்னுடையது என் மேல் வைத்த பாசம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருந்தது, அதனால்தான் இத்தனை வருஷம் ஓடிப்போனது. அப்புறம் உனக்கு ஒரு குழந்தை பிறந்து, அது உன் காதருகே வந்து ஏதாவது கேட்டால், அது கேட்பதை நிறுத்துவதற்குள் பதில் சொல்லிவிடு.

ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா உன் வாசலில் நிற்பார். முகூர்த்த மாதத்தில் அவர் கடையை அடைப்பது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. கையில் பூ கொண்டு வர மாட்டார், நானே வேண்டாம் என்றேன். அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. ரயில் கூட்டத்தைப் பற்றிப் பேசுவார், உன் வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுவதைப் பற்றிப் பேசுவார், ரொம்ப நேரம் கழித்து, கீழே பார்த்துக்கொண்டு, மாலையைப் பற்றிக் கேட்பார். அப்போது அவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுச் சரி என்று சொல்லிவிடாதே. எனக்காகவும் சொல்லாதே. ஒன்பது வயதில் தொடங்கி எனக்காக நீ அடக்கிக்கொண்டது போதும். மாலை வேண்டுமென்றால் வேண்டும் என்று சொல். அவர் அன்றைக்கே ஓடி வந்து பூவுக்குச் சொல்லிவிடுவார். வேண்டாமென்றால் வேண்டாம் என்று அவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல். நீ ஆன்லைனில் சொன்ன மாலை வரட்டும், நாங்கள் இரண்டு பேரும் முன் வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறோம்.

அம்மா